கிராப்ஸ் மேசைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

லாஸ் வேகஸ் கேசினோவுக்குள் எங்கிருந்தாவது பெருங்கூச்சல் கேட்டால், அது அநேகமாக கிராப்ஸ் என்ற பகடை ஆட்டத்தின் மேசைதான். தடுப்புச் சுவர் வைத்த நீள மேசை, சுற்றிலும் தோள் உரச நிற்கும் கூட்டம், விரிப்பு முழுக்கப் பஞ்சாங்கப் பக்கம் போலக் கட்டங்களும் எண்களும். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நீண்ட வார இறுதிகளில் கூட்டாக வேகஸ் போவதுண்டு. பிளாக்ஜாக்கில் கொஞ்ச நேரம் உட்காருவார்கள், ஸ்லாட் மெஷினில் கொஞ்சம் விடுவார்கள். கிராப்ஸ் மேசையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். என்ன நடக்கிறது என்று புரியாது, கேட்கவும் கூச்சம்.

உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். அந்த விரிப்பில் டஜன் கணக்கில் பந்தயங்கள் இருக்கின்றன. புதியவருக்கு வேண்டியது இரண்டு. மீதியில் பெரும்பாலானவை கேசினோ பிழைப்பதற்காக வைத்தவை. அந்த இரண்டையும் வீட்டிலேயே பழகிவிட்டு, மேசையில் எப்படி நடந்துகொள்வது என்பதையும் தெரிந்துகொண்டு போனால் முதல் நாளே தைரியமாக நிற்கலாம்.

இரண்டு பகடை, 36 வழிகள்

வீட்டில் லூடோ டப்பா இருந்தால் அதில் ஒரு பகடை கிடைக்கும். இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து உருட்டினால் 36 வகையாக விழலாம். கூட்டுத்தொகை 7 வர ஆறு வழி இருக்கிறது: 1-6, 2-5, 3-4, அப்புறம் இவற்றின் தலைகீழ். 6க்கும் 8க்கும் ஐந்தைந்து வழி. 5க்கும் 9க்கும் நான்கு நான்கு. 4க்கும் 10க்கும் மும்மூன்று. 3க்கும் 11க்கும் இரண்டிரண்டு. 2க்கும் 12க்கும் ஒரே ஒரு வழி.

இதை மனப்பாடம் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எந்தப் பந்தயம் நியாயமானது, எது பகல் கொள்ளை என்பதை இந்த ஒரு பட்டியலை வைத்தே நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு சுற்று எப்படிப் போகிறது

பகடை உருட்டுகிறவருக்கு ஷூட்டர் என்று பெயர். மேசையில் நிற்பவர்களில் ஒருவர் உருட்டுவார், மற்றவர்கள் அவர் போடுவதை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். சுற்று தொடங்குமுன் விரிப்பின் ஓரத்தில் ஒரு வட்ட வில்லை கறுப்பாக, ‘ஆஃப்’ என்ற பக்கம் மேலே தெரியக் கிடக்கும். புதிய ஆட்டம் தொடங்கப் போகிறது என்று அர்த்தம். நீங்கள் பந்தயம் வைக்க வேண்டிய நேரம் இதுதான். உங்களுக்கு எதிரிலேயே, மேசையைச் சுற்றி ஓடும் பட்டையில் ‘பாஸ் லைன்’ என்று எழுதியிருக்கும். அதன்மேல் சிப்ஸை, அதாவது பணத்துக்குப் பதிலாகக் கேசினோ தரும் வண்ணக் காசுகளை, வையுங்கள்.

முதல் உருட்டலுக்கு கம் அவுட் என்று பெயர். 7 அல்லது 11 விழுந்தால் உடனே ஜெயித்தீர்கள், வைத்த தொகைக்குச் சமமான தொகை கிடைக்கும். 2, 3, 12 விழுந்தால் உடனே தோல்வி. (இப்படித் தோற்றாலும் ஷூட்டர் மாறமாட்டார், அவரே மறுபடி உருட்டுவார்.) மீதி எண்களான 4, 5, 6, 8, 9, 10 இவற்றில் எது விழுந்தாலும் அது அந்தச் சுற்றின் பாயிண்ட். மேசையை நடத்தும் ஊழியரான டீலர் வில்லையைத் திருப்பி, வெள்ளையான ‘ஆன்’ பக்கம் மேலே தெரிய, அந்த எண்ணின் மேல் வைப்பார்.

இனிமேல் பாஸ் லைன்காரருக்கு இரண்டு எண்கள்தான் கணக்கு: பாயிண்டும் 7உம். பாயிண்ட் முதலில் வந்தால் வெற்றி, 7 முதலில் வந்தால் தோல்வி. இடையில் வேறு எது விழுந்தாலும் உங்கள் பந்தயத்துக்கு ஒன்றும் ஆகாது. உதாரணமாக, கம் அவுட்டில் 9 விழுகிறது. அடுத்து 5, அப்புறம் 11, அப்புறம் 6, அப்புறம் 9. ஜெயித்தாயிற்று. நடுவில் வந்த 11ஐப் பார்த்துப் புதியவர்கள் கையைத் தூக்குவார்கள். அந்தக் கட்டத்தில் அதற்கு மதிப்பில்லை. 9க்கு முன்னால் 7 விழுந்திருந்தால் அதற்குப் பெயர் செவன் அவுட். பாஸ் லைன் பணம் போகும், பகடை அடுத்த ஆளிடம் போகும்.

கவனித்தீர்களா, 7க்கு இரண்டு முகம். முதல் உருட்டலில் நண்பன், பாயிண்ட் விழுந்தபின் எமன். மேசையைப் பார்த்துக் குழம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். வீட்டில் சில்லறைக் காசை வைத்து அரை மணி நேரம் உருட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறை விழும்போதும் ‘ஜெயித்தேன், தோற்றேன், ஒன்றுமில்லை’ என்று வாயால் சொல்லுங்கள். யோசிக்காமல் பதில் வருகிறவரை.

பாஸ் லைன் பணத்தை ஏன் நடுவில் எடுக்க விடமாட்டார்கள்

பாயிண்ட் விழுந்தபின் பாஸ் லைன் பந்தயத்தைத் திரும்ப எடுக்க முடியாது. புதியவர்களுக்கு இது அநியாயமாகப் படும். கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

கம் அவுட் உருட்டலில் 36 வழிகளில் 8 வழி உங்கள் பக்கம், 4 வழிதான் எதிர்ப்பக்கம். அந்த ஓர் உருட்டலில் நிலைமை உங்களுக்குச் சாதகம். மீதி 24 வழிகளில் பாயிண்ட் விழும், அதோடு காற்று திசை மாறிவிடும். பாயிண்ட் 4 அல்லது 10 என்றால் ஜெயிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. 5, 9 என்றால் ஐந்தில் இரண்டு. நல்ல எண்கள் என்று எல்லோரும் சொல்லும் 6, 8க்குக்கூடப் பதினொன்றில் ஐந்துதான். நல்ல கட்டம் முடிந்ததும் பணத்தை எடுத்துக்கொண்டு போக விட்டால் கேசினோ ஏது?

எல்லாவற்றையும் சேர்த்தால், 495 பாஸ் லைன் பந்தயங்களில் சராசரியாக 244 ஜெயிக்கும், 251 தோற்கும். வித்தியாசம் ஏழு. சதவீதத்தில் 1.41. அதாவது நூறு டாலர் பந்தயத்துக்கு நீண்டகாலச் சராசரியில் ஒரு டாலர் நாற்பத்தொரு சென்ட் கேசினோவுக்குப் போகும். இரண்டு பூஜ்யம் உள்ள அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் இது 5.26. கேசினோவில் அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பி ஆடும் ஆட்டங்களில் பாஸ் லைன் மலிவான ஒன்று என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

எழுதாத பந்தயம்: ஆட்ஸ்

இரண்டாவது பந்தயத்துக்கு விரிப்பில் கட்டமே கிடையாது. பாயிண்ட் விழுந்தபின், பாஸ் லைனில் வைத்த சிப்ஸுக்குப் பின்னால், பட்டைக்கு வெளியே உங்கள் பக்கமாக இன்னும் கொஞ்சம் சிப்ஸ் வைக்கலாம். இதற்கு ஆட்ஸ் என்று பெயர். பாயிண்ட் வந்தால் 4, 10க்கு ஒன்றுக்கு இரண்டு, 5, 9க்கு இரண்டுக்கு மூன்று, 6, 8க்கு ஐந்துக்கு ஆறு என்று கொடுப்பார்கள். மேலே சொன்ன வாய்ப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சரியாகப் பொருந்தும். இதில் கேசினோவுக்குப் பங்கு பூஜ்யம். அதனால்தான் கட்டம் வரைந்து விளம்பரப்படுத்தவில்லை போலிருக்கிறது. இதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு வைக்கலாம் என்பது மேசையைப் பொறுத்தது. பல இடங்களில் 3-4-5 முறை இருக்கும்: 4, 10க்குப் பாஸ் லைன் தொகையைப்போல் மூன்று மடங்கு வரை, 5, 9க்கு நான்கு, 6, 8க்கு ஐந்து. பாஸ் லைனில் 10 டாலர் இருந்தால் முறையே 30, 40, 50. எந்தப் பாயிண்டாக இருந்தாலும் முழு ஆட்ஸ் வைத்து ஜெயித்தால் 60 டாலர் வரும். டீலர் கணக்குப் போட வசதியாக அமைந்த ஏற்பாடு.

சிப்ஸை முழுத்தொகை வருகிற மாதிரி வையுங்கள். 5, 9க்கு இரட்டைப்படைத் தொகை, 6, 8க்கு ஐந்தின் மடங்கு. பாஸ் லைனில் 15 வைத்திருக்கிறீர்கள், பாயிண்ட் 9 என்றால் ஆட்ஸாக 15 வைக்காதீர்கள், 20 வையுங்கள். ஜெயித்தால் ஆட்ஸுக்கு 30 வரும்.

ஒரு எச்சரிக்கை. பங்கு பூஜ்யம் என்பதால் நஷ்டமே வராது என்று ஆகிவிடாது. ஆட்ஸ் கூடக்கூட ஏற்ற இறக்கமும் கூடும். கையில் 300 டாலர், பாஸ் லைனில் 15, ஆட்ஸில் 30 என்று ஆடினால் பாயிண்ட் விழுந்தபின் வரும் ஆறு தோல்வியைத் தாங்கும், ஏழாவதைத் தாங்காது. தொடர்ந்து ஆறு தோல்வி கிராப்ஸில் அதிசயம் அல்ல. முதல் நாள் ஒரு மடங்கு ஆட்ஸோடு நிறுத்திக்கொள்வது என் யோசனை.

மேசைக்குப் போகலாம்

லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 21 வயது ஆகியிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ பையில் இருக்கட்டும், முகம் இளமையாகத் தெரிந்தால் கேட்பார்கள். மேசையின் உட்சுவரில் ஒரு சிறு பலகை இருக்கும், குறைந்தபட்சப் பந்தயம் எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். வெள்ளி, சனி இரவுகளில் அது ஏறும். வார நாள் காலையில் போனால் குறைவாகவும் இருக்கும், கூட்டமும் இருக்காது, டீலர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பொறுமையும் இருக்கும்.

பெரிய மேசையில் நான்கு பேர் வேலை பார்ப்பார்கள். நடுவில் உட்கார்ந்து சிப்ஸ் குவியலைக் காவல் காப்பவர் பாக்ஸ்மேன். அவருக்கு இரு பக்கமும் ஒவ்வொரு டீலர். உங்கள் பக்கம் நிற்பவர்தான் உங்களுக்கு. எதிரில் வளைந்த குச்சி வைத்துக்கொண்டு பகடையைத் தள்ளிக் கொடுத்து, விழுந்த எண்ணைக் கூவுகிறவர் ஸ்டிக்மேன். பதினொன்றை அவர் ‘யோ’ என்று கூவுவார். இரைச்சலில் இலெவன் என்பது செவன் என்று காதில் விழுந்துவிடக் கூடாதல்லவா.

சுவரோரம் ஓர் இடைவெளி பார்த்து நில்லுங்கள். பகடை நடுவில் ஸ்டிக்மேனிடம் இருக்கும் நேரமாகப் பார்த்து, பணத்தை டீலருக்கு முன்னால் விரிப்பில் வைத்து ‘சேஞ்ச் ப்ளீஸ்’ என்று சொல்லுங்கள். கையில் நீட்டினால் வாங்கமாட்டார். அது அவமரியாதை அல்ல, மேலே இருக்கும் கேமராவுக்குப் பணம் தெரிய வேண்டும். சிப்ஸ் வந்ததும் எடுத்து, முன்னால் இருக்கும் மரச்சட்டத்தின் பள்ளத்தில் அடுக்குங்கள். சிவப்பு 5 டாலர், பச்சை 25, கறுப்பு 100 என்பது வழக்கம். சிப்ஸ் மேல் ஒரு கண் இருக்கட்டும், எல்லோரும் பகடையையே பார்க்கும் மேசை அது.

அப்புறம் வில்லை ‘ஆஃப்’ ஆகிறவரை காத்திருங்கள். பாயிண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பாஸ் லைனில் புதிதாக வைத்தால், நல்ல கட்டத்தைத் தவறவிட்டு மோசமான கட்டத்தில் நுழைகிறீர்கள் என்று பொருள்.

பகடை கிளம்பிவிட்டால் கையை மேசைக்குள் நீட்டாதீர்கள். யாருடைய கையிலாவது பகடை பட்டுத் திரும்பி 7 விழுந்தால் அந்த ஆளை மேசை முழுக்க முறைக்கும். பானத்தை விரிப்புக்கு மேலே பிடிக்காதீர்கள், கீழே வைக்கத் தட்டு இருக்கிறது. இன்னொன்று, பாயிண்ட் ஓடும்போது ‘செவன்’ என்ற சொல்லை உரக்கச் சொல்லக் கூடாது. மூடநம்பிக்கைதான். ஆனால் கோயிலுக்குப் போனால் செருப்பைக் கழற்றுவதைப்போல் அந்த இடத்து வழக்கம் அது.

உங்கள் முறை வரும்போது

பகடை கடிகார முள் திசையில் ஆள் மாறி ஆள் வரும். வேண்டாம் என்றால் கையசைத்து அடுத்தவருக்கு விட்டுவிடலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். உருட்டுவதென்றால் முதலில் பாஸ் லைனில் உங்கள் பந்தயம் இருக்க வேண்டும். ஸ்டிக்மேன் நான்கைந்து பகடைகளைத் தள்ளுவார், இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கையால். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றாதீர்கள், மேசையைத் தாண்டி உங்கள் பக்கம் கொண்டுவராதீர்கள், மூடிய உள்ளங்கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே நிற்காதீர்கள். பகடை மாற்றும் மோசடிக்காக வைத்த விதிகள் இவை. மீறினால் முதலில் அன்பாகச் சொல்வார்கள்.

எதிர்ப்பக்கச் சுவரில் இரண்டும் பட்டுத் திரும்பும்படி எறியுங்கள். அந்தச் சுவரில் கூர்கூரான ரப்பர் முனைகள் பதித்திருக்கும், எப்படிப் பிடித்து எறிந்தாலும் பகடையின் போக்கைக் கலைத்துவிடும். பகடையை இன்ன முகம் மேலே வரப் பிடித்து இன்ன கோணத்தில் விட்டால் 7 வராது என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. அந்தக் காசுக்கு ஒரு நல்ல சாப்பாடு சாப்பிடலாம்.

செவன் அவுட் ஆவதற்குமுன் ஒரு ஷூட்டர் சராசரியாக எட்டரை முறை உருட்டுவார். 2009இல் அட்லான்டிக் சிட்டியில் உள்ள போர்காடா கேசினோவில் ஒரு பெண்மணி 154 முறை உருட்டினார், நாலே கால் மணி நேரத்துக்கு மேல் பகடை அவர் கையிலேயே இருந்தது. அப்படியும் நடக்கும். ஆனால் 153 உருட்டல் முடிந்த நிலையில் அடுத்தது 7 வர இருந்த வாய்ப்பு, முதல் உருட்டலில் இருந்த அதே ஆறில் ஒன்றுதான். ‘கை சூடாக இருக்கிறது’ என்று பக்கத்தில் யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள், பந்தயத்தை இரட்டிப்பாக்காதீர்கள்.

நடுக்கட்டங்களை விட்டுத் தள்ளுங்கள்

ஸ்டிக்மேனுக்கு முன்னால், மேசை நடுவில், பகடைப் படம் போட்ட வண்ணக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வோர் உருட்டலுக்கும் முன்னால் அவர் இவற்றைக் கூவிக் கூவி விற்பார். அது அவர் வேலை. வாங்காமல் இருப்பது உங்கள் வேலை.

‘எனி செவன்’ என்ற கட்டத்தை எடுத்துக்கொள்வோம். அடுத்த உருட்டலில் 7 வந்தால் ஒன்றுக்கு நான்கு தருகிறார்கள். 36 உருட்டலுக்கு ஒவ்வொரு டாலர் வைத்தால் ஆறு முறை ஜெயித்து 24 வரும், முப்பது முறை தோற்று 30 போகும். ஆறு டாலர் காலி, அதாவது 16.67 சதவீதம். 12 வந்தால் ஒன்றுக்கு முப்பது என்பது காதுக்கு இனிமை, நியாயப்படி முப்பத்தைந்து தர வேண்டும். இரட்டையாக விழும் 4, 6, 8, 10க்கான ஹார்ட்வே பந்தயங்களில் 9 முதல் 11 சதவீதம் வரை போகும்.

இதைவிடத் தந்திரமானது ‘ஃபீல்டு’. பாஸ் லைனுக்கு மேலே அகலமாக, அழைப்பதுபோல இருக்கும். 2, 3, 4, 9, 10, 11, 12 எது வந்தாலும் ஜெயிக்கும். பதினொரு தொகைகளில் ஏழு நம் பக்கம்! ஆனால் மேலே சொன்ன பட்டியலை எடுத்துக் கூட்டுங்கள்: இந்த ஏழுக்கும் சேர்த்து 16 வழி, விட்டுப்போன 5, 6, 7, 8க்கு 20 வழி. 2க்கும் 12க்கும் இரட்டிப்பு கொடுத்த பிறகும் 5.56 சதவீதம் கேசினோவுக்கு. இரண்டில் ஒன்றுக்கு மூன்று மடங்கு கொடுக்கும் மேசைகளில் பாதியாகக் குறையும், அப்போதும் பாஸ் லைன் மேல்.

பழகியபின் சேர்த்துக்கொள்ளத் தக்கது 6, 8 எண்களில் வைக்கும் ‘ப்ளேஸ்’ பந்தயம். ஆறுக்கு ஏழு தருவார்கள், கேசினோவின் பங்கு 1.52 சதவீதம். ஆறின் மடங்காக வையுங்கள்: 12 வைத்தால் 14. சிப்ஸைக் கட்டத்தில் நீங்களே வைக்கக் கூடாது, டீலருக்கு முன்னால் வைத்து எண்ணைச் சொன்னால் அவர் எடுத்து வைப்பார். ‘கம்’ என்று பெரிய கட்டம் ஒன்று இருக்கும், நடுவில் தொடங்கும் இன்னொரு பாஸ் லைன் என்று வைத்துக்கொள்ளலாம். அதை இரண்டாம் நாளைக்கு விட்டுவிடுங்கள்.

‘டோன்ட் பாஸ்’ பற்றியும் கேட்பீர்கள். ஷூட்டருக்கு எதிராகக் கட்டுவது. முதல் உருட்டலில் 2, 3 வெற்றி, 7, 11 தோல்வி, 12 வந்தால் யாருக்கும் இல்லை. பாயிண்டுக்கு முன் 7 வந்தால் வெற்றி. ஆட்டம் நியூ ஆர்லியன்ஸில் தொடங்கிய காலத்தில் இது கிடையாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் வின் என்ற பகடை செய்பவர் இதைச் சேர்த்தார். ஒரு பக்கம் கனம் வைத்த திருட்டுப் பகடைகளால் மேசை வைத்திருந்தவர்கள் மக்களை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள், இரண்டு பக்கமும் கட்டலாம் என்றானதும் அந்த வித்தை பலிக்கவில்லை. கேசினோவின் பங்கு 1.36 சதவீதம், பாஸ் லைனைவிட ஒரு துளி குறைவு. ஆனால் மேசையே அழும்போது நீங்கள் மட்டும் சிரிக்க வேண்டியிருக்கும். புதிதாகப் போகிறவர் அந்த ஒரு துளிக்காக இத்தனை பேரின் முறைப்பை வாங்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம்

15 டாலர் பாஸ் லைன் மட்டும் ஆடினால் ஒரு முடிவுக்குச் சராசரியாக 21 சென்ட் செலவு. ஒரு முடிவு தெரியச் சராசரியாக மூன்று, நான்கு உருட்டல் ஆகும். மணிக்கு நூறு உருட்டல் என்று வைத்தால் சுமார் முப்பது முடிவு, ஆறரை டாலருக்குள். ஒரு மணி நேரப் பொழுதுபோக்குக்கு மோசமில்லை. ஆனால் இது சராசரி. அந்த ஒரு மணி நேரத்தில் 150 டாலர் போகவும் செய்யும், வரவும் செய்யும். போனால் வலிக்காத தொகையை மட்டும் ரொக்கமாக எடுத்துப் போங்கள், கார்டு அறையிலேயே இருக்கட்டும். தோற்கத் தோற்க இரட்டிப்பாக்கும் திட்டத்தை யாராவது நண்பர் கட்டாயம் சொல்வார். 15இல் தொடங்கினால் ஏழாவது பந்தயம் 960 டாலர் என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

மேசையில் நிற்கவே தயக்கமாக இருந்தால், கண்ணாடிக் குமிழிக்குள் பெரிய பகடைகள் குதிக்கும் பபிள் கிராப்ஸ் இயந்திரம் பல கேசினோக்களில் இருக்கிறது. அதே விதிகள், குறைந்த பந்தயம், திரையில் தொட்டால் போதும். நல்ல பயிற்சி. இந்தியாவில் இருப்பவர்களுக்குக் கைபேசியில் ‘கிராப்ஸ் ஆடிப் பணம் சம்பாதியுங்கள்’ என்று விளம்பரம் வரும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது, அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பழகுவதற்கு இரண்டு பகடையும் சில்லறையும் போதும்.

கிளம்பும்போது

ஆடி முடித்ததும் சிப்ஸை அள்ளிக்கொண்டு நேரே நடக்காதீர்கள். பகடை நடுவில் இருக்கும் நேரத்தில் மொத்தத்தையும் டீலருக்கு முன்னால் விரிப்பில் வைத்து ‘கலர்’ என்று சொல்லுங்கள். சிவப்புகளை எண்ணி, பாக்ஸ்மேன் தலையாட்டியதும் பச்சை, கறுப்பாக மாற்றித் தருவார்கள். நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒன்றிரண்டு சிவப்பு சிப்ஸை விரிப்பில் வைத்து ‘டீலர்களுக்கு’ என்று சொல்வது வழக்கம், அவர்கள் சம்பளத்தில் பெரும்பங்கு டிப்ஸ்தான். பிறகு ‘கேஷியர்’ என்று பலகை மாட்டிய கூண்டுக்குப் போய் சிப்ஸைக் கொடுத்துப் பணமாக வாங்கிக்கொள்ளுங்கள். அன்றே மாற்றுவது நல்லது. ஒரு கேசினோ சிப்ஸை இன்னொரு கேசினோவில் வாங்கிக்கொள்வார்கள் என்று நம்பி ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள்.